பழைய கணிப்பொறிக்குப் புதிய மூளையா?

எட்டு, ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பு வாங்கிய கணிப்பொறி ஒன்று வீட்டில் இருக்கிறது. பாடக் குறிப்பு எழுதவும், படம் பார்க்கவும், இணையத்தில் தேடவும் இன்றும் நன்றாகவே உழைக்கிறது. ஆனால் புதிதாக வந்த விளையாட்டு ஒன்றை அதில் ஏற்றிவிட்டால் போதும். மேட்டில் ஏறும் பாரவண்டியைப் போலத் திணறத் தொடங்கிவிடுகிறது. “நுண்செயலியை மாற்றிவிடு, எல்லாம் சரியாகிவிடும்” என்கிறான் ஒரு நண்பன். “கிராஃபிக்ஸ் அட்டைதான் பழசு” என்கிறான் இன்னொருவன். “முழுவதையும் புதிதாக வாங்கிவிடு, தம்பி” என்கிறார் கடைக்காரர். அவர் அப்படித்தான் சொல்வார்!

மூவரில் யார் சொல்வது சரி? தவறான பொருளை வாங்கினால் பல மாதச் சேமிப்பு ஒரே நாளில் கரைந்துவிடும். விளையாட்டோ முன்போலவே திணறிக்கொண்டிருக்கும். நல்ல வேளையாக, இதை ஊகத்தினால் முடிவு செய்ய வேண்டிய தேவை இல்லை. வகுத்தல் கணக்குத் தெரிந்த எவரும் பத்து நிமிடச் சோதனையில் விடையைக் கண்டுகொள்ளலாம். எப்படி என்று பார்ப்போமா?

ஒரு கணிப்பொறியை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். அதில் இருப்பது 2017-ஆம் ஆண்டு ஏப்ரலில் ஏஎம்டி நிறுவனம் வெளியிட்ட ரைசன் 5 1600 நுண்செயலி. 2016-இல் வந்த என்விடியா ஜிடிஎக்ஸ் 1060 கிராஃபிக்ஸ் அட்டை. அந்நாளில் நடுத்தர விலையில் கணிப்பொறி வாங்கிய பலர் இந்த இரண்டையும் சேர்த்தே வாங்கினார்கள்.

இருவர் செய்யும் வேலை

விளையாடும்போது திரையில் கார் ஓடுகிறது, மரம் அசைகிறது என்று நமக்குத் தோன்றுகிறது. சினிமாவைப் போலவே இங்கும் நாம் காண்பது அடுத்தடுத்து வரும் அசையாப் படங்களைத்தான். வினாடிக்கு 60 படங்கள் வர வேண்டுமானால் ஒரு படத்திற்குக் கிடைக்கும் நேரம் 1000-ஐ 60-ஆல் வகுத்தால் வருவது, அதாவது ஏறக்குறைய 16.7 மில்லி வினாடி. சினிமாப் படம் முன்பே எடுத்துச் சுருட்டி வைக்கப்பட்டது. விளையாட்டிலோ ஒவ்வொரு படமும் அந்த 16.7 மில்லி வினாடிக்குள் புதிதாகப் பிறந்தாக வேண்டும்.

இந்தப் பிரசவத்தில் இருவருக்குப் பங்கு உண்டு. முதலாவது நுண்செயலி. நீங்கள் எந்த விசையை அழுத்தினீர்கள், கார் எங்கே போய் மோதியது, எதிராளி அடுத்து என்ன செய்வான் என்பதையெல்லாம் கணக்கிட்டு, ‘இந்த இடத்தில் இந்த மரத்தை வரை’ என்று கட்டளைப் பட்டியல் தயாரிப்பது அதன் வேலை. இரண்டாவது கிராஃபிக்ஸ் அட்டை. பட்டியலை வாங்கிக்கொண்டு, திரையின் ஒவ்வொரு புள்ளிக்கும் என்ன நிறம் என்று கண்டுபிடித்து வரைவது அதன் வேலை. ஒரு படத்தை அட்டை வரைந்துகொண்டிருக்கும்போதே அடுத்த படத்திற்கான பட்டியலை நுண்செயலி தயாரிக்கத் தொடங்கிவிடும். செங்கலைக் கைமாற்றிக் கைமாற்றிக் கொடுக்கும் இருவரைப் போல என்று சொல்லலாம். அவர்களுள் யார் மெதுவோ, அவருடைய வேகம்தான் வரிசையின் வேகம்.

இங்கேதான் கணக்கு வருகிறது. ஒரு விளையாட்டில் பட்டியல் தயாரிக்க நுண்செயலிக்கு 14 மில்லி வினாடியும், வரைய அட்டைக்கு 22 மில்லி வினாடியும் ஆவதாகக் கொள்வோம். படம் ஒன்றுக்கு 22 மில்லி வினாடி. ஆகவே வினாடிக்கு 45 படங்கள். இப்போது நுண்செயலியை மாற்றி 14-ஐ 8 ஆக்கிவிட்டோம். என்ன ஆகும்? அட்டைக்கு இன்னும் 22 தான். வினாடிக்கு அதே 45 படங்கள்! புதிய நுண்செயலி தன் பட்டியலை வேகமாக முடித்துவிட்டுக் கைகட்டிக் காத்திருக்கும்.

வேறொரு விளையாட்டில் நுண்செயலிக்கு 20, அட்டைக்கு 9 என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்பு வினாடிக்கு 50 படங்கள். 20-ஐ 12 ஆக்கினால் 83 படங்கள். அதே பணம், அதே நுண்செயலி. பயன் மட்டும் முற்றிலும் வேறு. எனவே ‘நுண்செயலியை மாற்றலாமா?’ என்று கேட்பதற்கு முன்பு ‘எந்த விளையாட்டுக்கு?’ என்று கேட்க வேண்டும். 2015-இல் வந்த ‘விட்சர் 3’, 2020-இல் வந்த ‘சைபர்பங்க் 2077’ போன்ற, காட்சி அழகு மிகுந்த விளையாட்டுகள் நம் எடுத்துக்காட்டுக் கணிப்பொறியில் அட்டையைத்தான் பிழிந்தெடுக்கும். ஆயிரக்கணக்கான எந்திரங்களை ஒரே சமயத்தில் ஓடவிடும் ‘ஃபாக்டோரியோ’வும், எதிரி நாடுகளின் திட்டங்களைக் கணக்கிட்டுக்கொண்டே இருக்கும் ‘சிவிலைசேஷன் 6’-உம் நுண்செயலியைப் பிழியும்.

பத்து நிமிடச் சோதனை

உங்கள் கணிப்பொறியில் மெதுவாக இருப்பவர் யார் என்று அறிய ஓர் எளிய வழி உண்டு. விளையாட்டின் செட்டிங்ஸ் பகுதிக்குச் சென்று, திரையின் ரெசல்யூஷனைக் குறையுங்கள். 1920 × 1080 என்பது 20,73,600 புள்ளிகள். 1280 × 720 என்பது 9,21,600 புள்ளிகள் மட்டுமே. அட்டையின் வேலை பாதிக்கும் கீழே போய்விடுகிறது. ஆனால் எதிராளியின் மூளைக்கும் காரின் மோதலுக்கும் புள்ளிகளோடு தொடர்பில்லையே! நுண்செயலியின் வேலை கிட்டத்தட்ட அப்படியேதான் இருக்கும்.

குறைத்தவுடன் படங்களின் எண்ணிக்கை நன்றாக ஏறினால் இதுவரை தடையாக இருந்தது அட்டை. ஏறவே இல்லை, 48 இருந்தது 49 ஆயிற்று என்றால் தடை நுண்செயலியின் பக்கம் இருக்கிறது. சோதனைக்கு முன்பு ‘வி-சிங்க்’ என்ற அமைப்பை நிறுத்திவிட வேண்டும். அது இருந்தால் 60 ஹெர்ட்ஸ் மானிட்டரில் படங்கள் 60-ஐத் தாண்டவே தாண்டா; சோதனையின் முடிவு பொய்யாகிவிடும்.

இங்கு மாணவர்கள் பலரை ஏமாற்றும் எண் ஒன்றைக் குறிப்பிட வேண்டும். ‘டாஸ்க் மேனேஜர்’ திரையில் நுண்செயலியின் பயன்பாடு 30 விழுக்காடு என்று காட்டும். ‘70 விழுக்காடு சும்மா கிடக்கிறதே, நுண்செயலியில் குறையில்லை’ என்று முடிவு கட்டிவிடுகிறோம். ரைசன் 5 1600-இல் ஆறு கோர்கள். ஒவ்வொன்றும் இரண்டு வேலை இழைகளைக் கையாளும். ஆக 12 இழைகள். விளையாட்டின் முதன்மையான வேலை முழுவதும் ஒரே இழையில் ஓடி, அந்த ஒன்று மூச்சு முட்டிக்கொண்டிருந்தாலும், மொத்தக் கணக்கில் அது 100-ஐ 12-ஆல் வகுத்த பங்கு, அதாவது எட்டு விழுக்காட்டுச் சொச்சம்தான்! ஆதலால் நுண்செயலியின் எண்ணை நம்புவதை விட அட்டையின் எண்ணைப் பார்ப்பது மேல். அட்டையின் பயன்பாடு 95-க்கு மேல் நின்றால் அதுதான் தடை. 60, 70 என்று ஊசலாடினால் அது பட்டியலுக்காகக் காத்திருக்கிறது என்று பொருள்.

இன்னொன்று. சராசரி 60 படங்கள் வருகின்றன, ஆனாலும் அடிக்கடி ‘திக்’ என்று நின்று ஓடுகிறது என்று சிலர் சொல்வதுண்டு. சராசரி எப்படி உண்மையை மறைக்கிறது பாருங்கள்: 59 படங்கள் தலைக்கு 15 மில்லி வினாடியில் வந்தால் 885, அறுபதாவது படம் மட்டும் 115 எடுத்துக்கொண்டால் மொத்தம் சரியாக 1000. வினாடிக்கு 60 படங்கள் என்பதில் பொய்யில்லை. கண்ணுக்கு உறுத்தியதும் பொய்யில்லை. இத்தகைய திக்கலுக்குப் பல சமயங்களில் காரணம் நுண்செயலி அல்லது நினைவகம். ஆகவே சராசரியுடன், மிக மெதுவாக வந்த ஒரு விழுக்காட்டுப் படங்களின் வேகத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கிகாஹெர்ட்ஸ் மட்டும் போதுமா?

சோதனை நுண்செயலியைத்தான் காட்டுகிறது என்று கொள்வோம். புதியது எவ்வளவு வேகமாக இருக்கும்? விளம்பரத்தில் பெரிதாகப் போடுவது கிகாஹெர்ட்ஸ் எண்ணை. அது நுண்செயலியின் கடிகாரம் வினாடிக்கு எத்தனை கோடித் துடிப்புத் துடிக்கிறது என்பதைச் சொல்கிறது. 2004-ஆம் ஆண்டிலேயே இன்டெல் நிறுவனத்தின் பென்டியம் 4, 3.8 கிகாஹெர்ட்ஸை எட்டிவிட்டது. 4 கிகாஹெர்ட்ஸ் பதிப்பைக் கொண்டுவரும் திட்டம் அதே ஆண்டில் கைவிடப்பட்டது. துடிப்பைக் கூட்டக் கூட்ட வெப்பமும் மின் செலவும் கட்டுக்கடங்காமல் ஏறுவதே காரணம். அதற்கு 13 ஆண்டுகளுக்குப் பின் வந்த நம் ரைசன் 5 1600-இன் உச்சத் துடிப்பு 3.6 கிகாஹெர்ட்ஸ். அப்படியானால் பழைய பென்டியம் 4 இதை விட வேகமானதா? இல்லவே இல்லை! ஒவ்வொரு துடிப்பிலும் எத்தனை கட்டளைகளை முடிக்கிறது என்பதையும் சேர்த்துப் பெருக்க வேண்டும்.

அப்படியே பெருக்கிப் பார்ப்போம். நம் மதர்போர்டில் பொருந்தக்கூடியது 2022-இல் வந்த ரைசன் 5 5600. இதற்கும் ஆறு கோர்கள்தாம். இரண்டுக்கும் இடையில் மூன்று தலைமுறைகள் முன்னேறியுள்ளன. ஒரு துடிப்பில் செய்யும் வேலை அந்த மூன்று படிகளில் முறையே சுமார் 3, 15, 19 விழுக்காடு கூடியதாக ஏஎம்டி அறிவித்தது. 1.03 × 1.15 × 1.19 என்பது 1.41. உச்சத் துடிப்பு 3.6-இலிருந்து 4.4-க்கு ஏறியதால் இன்னொரு 1.22. இரண்டையும் பெருக்கினால் ஏறக்குறைய 1.7 மடங்கு. கோர்களின் எண்ணிக்கை கூடாமலே இந்த வேகம்!

கோர்களைக் கூட்டினால் இன்னும் வேகம் கூடாதா என்று கேட்பீர்கள். ஓரளவுதான் கூடும். ஒரு படத்திற்கான வேலை மொத்தம் 12 மில்லி வினாடி. அதில் 6 மில்லி வினாடி வேலை ஒன்றன்பின் ஒன்றாகத்தான் செய்ய முடியும் என்று கொள்க. மீதி ஆறை இரண்டு கோர்கள் பங்கிட்டால் மொத்தம் 9. ஆறு கோர்கள் பங்கிட்டால் 7. பன்னிரண்டு பங்கிட்டால் 6.5. கோர் இரட்டித்தும் அரை மில்லி வினாடிதான் மிச்சம். ஆயிரம் கோர்கள் வந்தாலும் ஆறுக்குக் கீழே போகாது. ஜீன் அம்டால் என்ற கணிப்பொறி வல்லுநர் 1967-இல் எடுத்துக்காட்டிய விதி இது.

அஞ்சறைப் பெட்டியும் பலசரக்குக் கடையும்

அம்மா சமைக்கும்போது கடுகும் மிளகும் அடுப்பருகே அஞ்சறைப் பெட்டியில் இருந்தால் கை நீட்டினால் போதும். அலமாரியில் இருந்தால் நான்கு எட்டு. தீர்ந்துபோய்க் கடைக்கு ஓட வேண்டியிருந்தால்? அடுப்பைத் தணித்துவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். நுண்செயலிக்கும் இதே தொல்லை உண்டு. அதற்கு வேண்டிய தகவல்கள் ரேம் என்னும் நினைவகத்தில் உள்ளன. அங்கே போய் எடுத்து வர ஏறக்குறைய 80 நானோ வினாடி ஆகும். நமக்கு அது ஒன்றுமே இல்லை, ஆனால் 3.6 கிகாஹெர்ட்ஸ் நுண்செயலிக்கு அது 288 துடிப்புகளின் காலம்! ஆகவே அடிக்கடி தேவைப்படுவதைத் தன் உடம்புக்குள்ளேயே கேஷ் எனும் சிறு நினைவகத்தில் அது வைத்துக்கொள்கிறது. அதன் மூன்றாம் அடுக்கிலிருந்து எடுக்க நாற்பது துடிப்பு அளவில்தான் ஆகும்.

விளையாட்டு நிரல்கள் எந்தக் கணத்தில் எதைக் கேட்கும் என்று சொல்ல முடியாது. நீங்கள் எந்தப் பக்கம் திரும்புவீர்கள் என்பது உங்களுக்கே தெரியாதே! அதனால் பெரிய கேஷ் இருந்தால் விளையாட்டுக்கு மிக நல்லது. இதற்கு அழகான சான்று ஒன்று உண்டு. ரைசன் 7 5800எக்ஸ் நுண்செயலியின் உச்சத் துடிப்பு 4.7 கிகாஹெர்ட்ஸ், மூன்றாம் அடுக்குக் கேஷ் 32 மெகாபைட். 2022-இல் ஏஎம்டி அதன் தலைமேல் இன்னொரு 64 மெகாபைட் கேஷ் சில்லை மாடி வீடு போலக் கட்டி, 5800எக்ஸ்3டி என்று பெயரிட்டது. வெப்பத்துக்கு அஞ்சித் துடிப்பை 4.5-க்குக் குறைக்கவும் நேர்ந்தது. துடிப்பு குறைந்தும், விளையாட்டுகள் பலவற்றில் முன்னதை இது தோற்கடித்தது. அறிமுக விலை 449 டாலர்; 5600-இன் அறிமுக விலையோ 199 டாலர். ஜிடிஎக்ஸ் 1060 வைத்திருப்பவர் 449 டாலர் நுண்செயலியைத் தேடிப் போவது என் கருத்தில் தேரை வாங்கி ஆட்டுக்குட்டியைப் பூட்டுவது போலத்தான்.

பெயரில் உள்ள எண்ணைக் கண்டு மயங்குவது புதிய பழக்கமன்று. 1996-இல் சைரிக்ஸ் நிறுவனம் 6எக்ஸ்86 பி166+ என்ற நுண்செயலியை விற்றது. உண்மையில் அதன் துடிப்பு 133 மெகாஹெர்ட்ஸ்; 166 மெகாஹெர்ட்ஸ் பென்டியத்துக்கு இணையானது என்பதைக் காட்டவே அந்தப் பெயர். அலுவலக வேலைகளில் அது உண்மையாகவும் இருந்தது. அதே ஆண்டில் ‘குவேக்’ என்ற முப்பரிமாண விளையாட்டு வந்தது. அதில் தசமப் பின்னக் கணக்குகள் ஏராளம். பென்டியம் ஒரு வகுத்தலைப் பின்னணியில் செய்துகொண்டே 16 புள்ளிகளை வரைந்து முடிக்கும்படி அதன் நிரல் நுட்பமாக எழுதப்பட்டிருந்தது. சைரிக்ஸின் பின்னக் கணக்குப் பகுதிக்கு அந்தத் திறன் இல்லை. குவேக்கில் அது வெகுவாகப் பின்தங்கிப்போயிற்று. மலிவாகக் கிடைத்ததென்று வாங்கி, குவேக் விளையாட உட்கார்ந்தவர்களுடைய முகத்தை நினைத்துப் பாருங்கள்!

பொருந்துமா?

வேகம் இருந்து என்ன, மதர்போர்டில் பொருந்த வேண்டுமே! ரைசன் வைத்திருப்பவர்கள் இதில் பேறு பெற்றவர்கள். 2016-இல் வந்த ஏஎம்4 என்ற சாக்கெட்டை ஏஎம்டி பல தலைமுறைகளுக்கு மாற்றாமல் வைத்திருந்தது. இன்டெல் பக்கம் கதையே வேறு. 2017-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஏழாம் தலைமுறை கோர் ஐ5 வாங்கியவருடைய மதர்போர்டில் 1151 தொடுமுனைகள். அதே ஆண்டு அக்டோபரில் வந்த எட்டாம் தலைமுறைக்கும் 1151 தொடுமுனைகள். ஆனால் பழைய மதர்போர்டில் புதியது இயங்காது! எண்ணைப் பார்த்து வாங்கினால் ஏமாற்றம்தான். மதர்போர்டைத் தயாரித்த நிறுவனத்தின் இணையதளத்தில், உங்கள் போர்டின் சரியான மாதிரிப் பெயருக்கு நேரே உள்ள நுண்செயலிப் பட்டியலைப் பாருங்கள். அதில் இல்லாததைக் கடைக்காரர் எவ்வளவு உறுதி கூறினாலும் வாங்க வேண்டாம்.

பட்டியலில் இருந்தாலும், ‘இந்தப் பதிப்பு பயாஸ் முதல்’ என்று ஒரு குறிப்பு இருக்கும். பயாஸ் என்பது கணிப்பொறி விழிக்கும்போது முதலில் ஓடும் நிரல். 2017-இல் எழுதப்பட்ட பயாஸுக்கு 2022-இல் வந்த நுண்செயலியை அடையாளம் தெரியாது. ஆகையால் பழைய நுண்செயலி சாக்கெட்டில் இருக்கும்போதே பயாஸைப் புதுப்பித்துவிட வேண்டும். இடையில் மின்சாரம் நின்றுவிட்டால் மதர்போர்டு விழிக்காமலே போகக்கூடும், யூ.பி.எஸ். இல்லாத வீட்டில், மின்வெட்டு அறிவித்திருக்கும் நாளில் இதில் கை வைக்காதீர்கள்.

செலவில்லாத சிகிச்சைகளை முதலில் செய்து பார்ப்பது நல்லது. கூலரில் படிந்த தூசி, காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட் இரண்டும் வெப்பத்தை அடைத்து வைக்கும். நுண்செயலி தன்னைக் காத்துக்கொள்ளத் துடிப்பைத் தானே குறைத்துக்கொள்ளும். ரேம் 3000 என்று எழுதி விற்கப்பட்டிருந்தாலும், பயாஸில் அதற்கான அமைப்பை இயக்காவிட்டால் 2133-இலேயே ஓடிக்கொண்டிருக்கும். பலர் ஆண்டுக்கணக்கில் அப்படியே விட்டிருக்கிறார்கள்! ஒற்றை ரேம் மட்டும் இருந்தால், அதே வகையில் இன்னொன்றைச் சேர்ப்பது நுண்செயலியை விட மிக மலிவு. டிடிஆர்4-2400 ஒன்று வினாடிக்கு 19.2 கிகாபைட் தரும். இரண்டை உரிய இடங்களில் செருகினால் 38.4. எஸ்.எஸ்.டி. போட்டால் விளையாட்டு விரைவில் திறக்கும்; பெரும்பாலும் படங்களின் எண்ணிக்கை கூடாது.

விளையாட்டுக்குத் தேவையில்லை என்று சோதனை சொன்னாலும் முதல் ரைசனை மாற்ற இன்னொரு காரணம் இருக்கிறது. விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் நாளுடன் நிறுத்தியது. விண்டோஸ் 11-க்கு ஏற்றவை என்று அந்நிறுவனம் வெளியிட்ட பட்டியலில் ரைசன் 5 1600 இல்லை, 5600 இருக்கிறது. பாடத்துக்கும் பரீட்சை விண்ணப்பத்துக்கும் அதே கணிப்பொறியை நம்பியிருக்கும் வீட்டில், அப்பாவிடம் பேச இதுவே விளையாட்டை விட வலுவான வாதம்!

மாற்றுவதென்று முடிவு செய்துவிட்டால், கழற்றும்போது கவனம் தேவை. ஏஎம்4 நுண்செயலியின் அடியில் 1331 மெல்லிய பின்கள் உண்டு. பேஸ்ட் இறுகிப்போயிருந்தால், கூலரை நேராக மேலே இழுக்கும்போது நுண்செயலியும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிடும், பின்கள் வளைந்துபோகும். அதனால் கணிப்பொறியைச் சிறிது நேரம் ஓடவிட்டுச் சூடாக்கி, அணைத்து, மின் இணைப்பைப் பிடுங்கிய பிறகு, கூலரை இப்படியும் அப்படியும் மெல்லத் திருகித் தூக்க வேண்டும். புதியதைப் பொருத்தி முதன்முறை இயக்கும்போது, ‘புதிய நுண்செயலி பொருத்தப்பட்டுள்ளது, எஃப்டிபிஎம்-ஐ அழிக்கலாமா?’ என்று பல மதர்போர்டுகள் கேட்கும். வட்டில் பிட்லாக்கர் பூட்டு போட்டிருந்தால், அதன் மீட்புக் குறியெண்ணை அதற்கு முன்பே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அது இல்லாமல் ‘ஆம்’ என்று அழுத்திவிட்டால் வட்டு திறக்காது.